ராமநாதபுரம் கடலோரத்தில் போர் போடும் முன்: மண் அடுக்கைத் தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை எந்த இடத்தில் துளை போட்டாலும் தண்ணீர் வரும். அது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்பதுதான் பிரச்சினை. ஒரே துளையில் முப்பது அடியில் நல்ல தண்ணீர், எழுபது அடியில் கைகழுவக்கூட ஆகாத உப்பு என்று வருவது இங்கே சாதாரணம். இதற்கு நேர்மாறாகவும் வரும்: மேலே உப்பு, கீழே ஒரு களிமண் தட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர்.

சாயல்குடிப் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போர் போட அலைந்தபோது, "எத்தனை அடி போகணும்?" என்று மட்டும்தான் எல்லோரும் பேசினார்கள். எந்த அடுக்கில் நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. புதிதாக இடம் வாங்கி வீடு கட்டுபவர்கள், தோப்புப் போடுபவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஊரில் இறங்குபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

1. அறிக்கையில் வரும் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்

போர்க்காரர் "ஸ்ட்ராட்டா" என்பார், நிலவியலாளர் "பார்மேஷன்" என்பார், பக்கத்து வயல்காரர் "தட்டு" என்பார். இவற்றுக்குள் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்ட்ராட்டா என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள். மேலே மணல், கீழே களி, அதற்கும் கீழே மறுபடி மணல் என்று ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. துளையில் எத்தனை அடியிலிருந்து எத்தனை அடி வரை என்ன இருந்தது என்று எழுதிய தாள்தான் ஸ்ட்ராட்டா சார்ட். பார்மேஷன் என்பது இப்படிப்பட்ட பல அடுக்குகளைச் சேர்த்து, வரைபடத்தில் குறிக்கும் அளவுக்குப் பரந்து கிடக்கும் தொகுதிக்கு வைக்கும் பெயர். உங்கள் அறிக்கையில் "கடலூர் மணற்கல்" என்று இருந்தால் யாரோ கடலூர் மாவட்ட அறிக்கையை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். இந்தத் தொகுதிகளுக்கு, அவை நன்றாக வெளியே தெரியும் ஊரின் பெயரை வைப்பது வழக்கம். அதே மணற்கல் தெற்கே நம் மாவட்டத்தின் அடியிலும் இருக்கிறது.

இன்னும் மூன்று சொற்கள் போதும். நீர்தாங்கி என்றால் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, மோட்டார் இழுத்தால் தரவும் செய்கிற அடுக்கு. மணலும் உடைசலான மணற்கல்லும் அப்படிப்பட்டவை. களிமண்ணிலும் நிறையத் தண்ணீர் இருக்கும், ஆனால் கொடுக்காது. அடைபட்ட நீர்தாங்கி என்றால் மேலும் கீழும் களி மூடியிருக்கும் மணல். அதில் துளை விழுந்ததும் தண்ணீர் குழாயில் தானாகவே மேலே ஏறி நிற்கும். "நீர்மட்டம் 20 அடி" என்று எழுதியிருந்தாலும் தண்ணீர் வந்த அடுக்கு 200 அடியில் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு இருபது அடியில் கிணறு தோண்டினால் உப்புதான் மிஞ்சும்.

மூன்றாவது சொல் சாய்வு. நம் பக்கத்து அடுக்குகள் கடலை நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. உதாரணத்துக்கு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வு என்று வைத்துக்கொண்டால், மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு 50 மீட்டரில் கிடைத்த மணல் உங்களுக்கு 60 மீட்டரில்தான் கிடைக்கும். "அவருக்கு அம்பது, எனக்கும் அம்பது" என்று ஒப்பந்தம் பேசக்கூடாது என்பது இதனால்தான். எல்லா அடுக்கும் எல்லா இடத்திலும் தொடர்ந்து போவதும் இல்லை. சில களித் தட்டுகள் நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, அப்படியே காணாமல் போய்விடும்.

2. உங்கள் இடம் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இதற்குச் செலவே இல்லை, பெரும்பாலானவர்கள் செய்வதும் இல்லை. ஒரு நாள் காலையில் நிலத்தைச் சுற்றி நடந்தால் போதும்.

முதல் வகை, கடலோர மணல் மேடு. ராமேஸ்வரம் தீவு, மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரையை ஒட்டி நீளும் மணல் பகுதிகள் இதில் சேரும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்நீர் சற்றுக் கனமானது, அவ்வளவுதான் காரணம். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் மொள்கிறார்களே, அது நடப்பது மேலோட்டமாக, கொஞ்சமாக எடுப்பதால்தான். இந்த வகை இடத்தில் ஆழ்துளை வேண்டவே வேண்டாம். உறைக்கிணறு போடுங்கள். சிமெண்ட் உறை இறக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே சில அடியோடு நிறுத்திவிடுங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மணலுக்குக் கீழே பவளச் சுண்ணாம்புக் கல்லோ சுண்ணாம்பு கலந்த மணற்கல்லோ குறுக்கே வரும். அதை உடைத்துக்கொண்டு இறங்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வகை, கரையிலிருந்து உள்ளே தள்ளிய சமவெளி. மேலே களியும் மணலும் மாறி மாறி வரும், மேல் தண்ணீர் பெரும்பாலும் சவர். கீழே மணற்கல்லில் தரமான தண்ணீர் இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை. இங்கேதான் ரோட்டரி போர் (சேற்றைச் சுழலவிட்டுத் துளைப்பது), அடுக்கு விவரம், லாகிங் (துளைக்குள் கருவி விட்டு அடுக்குகளை அளப்பது) எல்லாம் தேவைப்படும். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த வகைக்காரர்களுக்கு.

உப்பளத்துக்கோ இறால் பண்ணைக்கோ பக்கத்து இடம் என்றால், போர் செலவைத் தொட்டியிலும் மழைநீர் சேகரிப்பிலும் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஓட்டு வீடோ மாடி வீடோ, கூரைத் தண்ணீர் நல்ல தண்ணீர்.

3. காகிதங்கள்

பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகிய மூன்றையும் அரசின் இணையச் சேவையில் எடுத்துக்கொள்ளலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பட்டாதாரர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து என்று விட்டுவிட்டால், ரிக் (துளை போடும் வண்டி) வந்து நிற்கும் அன்று காலையில்தான் சித்தப்பா மகன் வந்து நிற்பார்.

போர் போட ஊராட்சியிடம், பேரூராட்சி அல்லது நகராட்சியாக இருந்தால் அந்த அலுவலகத்தில், அனுமதி கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010-ல் கொடுத்த வழிகாட்டுதலின்படி, வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளை போடும் நிறுவனம் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே வருகிறது. பதிவுச் சான்றின் நகல் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள், அந்த 15 நாளுக்கு அதுதான் சாட்சி.

கடலோரத்துக்கே உரிய பொறி ஒன்று உண்டு. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வரும். அதற்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உங்கள் சர்வே எண் அந்த மண்டலத்துக்குள் விழுகிறதா என்று கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். இடம் விற்கும் தரகர் "அதெல்லாம் ஹோட்டல்காரங்களுக்குத்தான் சார்" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, வரைபடத்தைப் பாருங்கள்.

உங்கள் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். நிலத்தடி நீர் மதிப்பீட்டில் பிர்காக்களை அளவுக்கு மீறி எடுத்தவை, அபாய நிலை, பாதி அபாய நிலை, பாதுகாப்பானவை என்று பிரிப்பதோடு, உவர்நீர்ப் பகுதி என்றும் தனியே ஒரு வகை வைத்திருக்கிறார்கள். உங்கள் பிர்கா உவர்நீர்ப் பட்டியலில் இருந்தால் மேற்கொண்டு செலவு செய்வதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

4. பக்கத்துக் கிணறுகளை அளந்து வாருங்கள்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போர் செலவோடு பார்த்தால் அது காசே இல்லை. சுற்றியுள்ள கிணறு, போர், அடிபம்பு எல்லாவற்றிலும் ஒரு டம்ளர் பிடித்து அளந்து, அதன் ஆழம், எந்த ஆழத்தில் பில்டர் பைப் (தண்ணீர் உள்ளே வர ஓட்டை உள்ள பைப்) இருக்கிறது, எந்த வருடம் போட்டது, இப்போது உப்பு ஏறியிருக்கிறதா ஆகிய நான்கையும் எழுதுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடல்நீர் சுமார் 35,000. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் மீட்டர் காட்டுவது புரியும்.

எந்த மாதத்தில் அளக்கிறீர்கள் என்பது முக்கியம். வடகிழக்கு மழை முடிந்து தை மாதத்தில் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆடி, ஆவணி, புரட்டாசியில் அளந்து பாருங்கள். மழைக்கு முந்தைய அந்த மோசமான அளவுதான் உங்கள் வருடத்தைத் தீர்மானிக்கும். இடம் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. மார்கழியில் தண்ணீரைக் காட்டி இடம் விற்பது இங்கே பழைய வித்தை.

5. மின்தடை ஆய்வு: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை வீட்டுப் பெரியவர்கள் அழைத்தால் அழைக்கட்டும், மரியாதையாக அனுப்பிவையுங்கள். தண்ணீர் எங்கும் இருக்கும் ஊரில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லத் தேங்காய் தேவையில்லை.

மின்தடை ஆய்வில் தரையில் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி, கீழே உள்ள அடுக்குகள் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கிறார்கள். விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருகிறது, தனியாரும் செய்கிறார்கள். துறையில் வரிசை இருக்கும், முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

இதில் உள்ள பெரிய பொறியைத் தெரிந்துகொள்ளாமல் அறிக்கையைக் கையில் வாங்காதீர்கள். காய்ந்த மணல் மின்சாரத்தை மிக அதிகமாகத் தடுக்கும். நல்ல தண்ணீர் உள்ள மணல் நடுத்தரமாகத் தடுக்கும். களியும் குறைவாகத் தடுக்கும், உப்புத் தண்ணீர் உள்ள மணலும் குறைவாகத் தடுக்கும். அதாவது தடை குறைவாக இருக்கிறது என்றால் அது களியா, உப்பு மணலா என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. மதுரைப் பக்கத்துப் பாறை நிலத்தில் பழகிய ஆய்வாளர், தடை குறைந்த இடத்தைப் பார்த்ததும் "இங்கே தண்ணீர்" என்று குறித்துவிடுவார். அங்கே அது பொருந்தும், இங்கே பொருந்தாது. நான்காவது படியில் நீங்கள் எழுதிய தாளை அவரிடம் கொடுத்து, இரண்டையும் சேர்த்து விளக்கம் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையில் அடுக்குவாரியாக ஆழம், தடை அளவு, அது என்னவாக இருக்கலாம், தண்ணீரின் தரம் எப்படி இருக்கலாம் என்று நான்கு பத்தி இருக்க வேண்டும். "150 அடியில் நல்ல ஊற்று" என்று ஒற்றை வரி எழுதிய தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

6. ரேட் பேசும்போது

கடினப் பாறை நிலத்தில் மேல் மண் வரைக்கும்தான் கேசிங் பைப் (துளையின் சுவர் சரியாமல் தாங்கும் மூடிய பைப்), அதற்குக் கீழே பாறையே சுவர். நம் பக்கம் மணலும் களியும், அடிவரை பைப் போட்டாக வேண்டும். அதனால் "அடிக்கு இவ்வளவு" என்று சொல்லும் தொகை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். பைப் செலவு துளைச் செலவை எட்டிப்பிடிக்கும், தாண்டவும் செய்யும். ரிக் வந்துபோகும் கூலி, துளை, கேசிங் பைப், பில்டர் பைப், பெண்டோனைட் (சேறு கலக்கும் களித்தூள்), தண்ணீர் லாரி, கூழாங்கல், கம்ப்ரசர் மணிக்கூலி, லாகிங், மேல் அடைப்பு, ஜி.எஸ்.டி. ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தண்ணீர் லாரி பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ரோட்டரி துளைக்குச் சேறு கலக்கத் தண்ணீர் வேண்டும், அதுவும் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் சேறு கலக்கினால் பின்னால் எடுக்கும் லாகிங் குழம்பிப்போகும்.

ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். முதலில் குறுகிய சோதனைத் துளை. லாகிங் பார்த்து நல்ல அடுக்கு இருந்தால் மட்டும் துளையை அகலப்படுத்தி பைப் இறக்குவது இரண்டாம் பகுதி. நல்ல அடுக்கு இல்லையென்றால் முதல் பகுதிக்கு மட்டும் பணம், பைப் செலவு மிச்சம். போர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது, ஏனென்றால் பைப்பில்தான் அவர்களுக்கு லாபம். ஆனாலும் ஒத்துக்கொள்வார்கள்.

7. துளை போடும் நாள்

பந்தலில் நாற்காலி போட்டு உட்காராமல் சேற்றுக் குழிப் பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு பத்தடிக்கும், இடையில் மண் மாறினால் அப்போதும், வெளியே வரும் துகளை அள்ளி, சேறு போகக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஆழத்தை மார்க்கரில் எழுதுங்கள். வரிசையாக அடுக்கி ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இப்போது மேலே வரும் துகள் இப்போது பிட் (துளையிடும் முனை) நிற்கும் ஆழத்துத் துகள் அல்ல. சேறு அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரச் சில நிமிடம் ஆகும், ஆழம் கூடக் கூட நேரமும் கூடும். அதனால் பத்தடிக்கு ஒருமுறை துளையிடுவதை நிறுத்தி, சேற்றை மட்டும் சுழல விடச் சொல்லுங்கள். துளை சுத்தமான பிறகு அடுத்த பத்தடி. இதற்கு நேரம் கூடுதலாகும், முன்பே பேசி வைக்காவிட்டால் டிரில்லர் முகம் சுளிப்பார். பெண்டோனைட்டும் களிதான் என்பதால், கழுவாமல் பார்த்தால் மணல்கூடக் களி மாதிரியே தெரியும்.

துகள் சொல்லாததை ரிக் சொல்லும். மணலில் ராடு சரசரவென்று இறங்கும், களியில் மெதுவாக ஒட்டிக்கொண்டு போகும், சுக்கான் கல் வந்தால் ரிக்கே அதிரும். குழியில் சேறு திடீரென்று குறைந்தால் கீழே ஏதோ ஓர் அடுக்கு அதைக் குடிக்கிறது. அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. லாகிங், பில்டர், அடைப்பு

துளை முடிந்ததும், பைப் இறக்குவதற்கு முன்னால், சேறு நிறைந்த துளைக்குள் கருவியை விட்டு அடுக்குகளின் மின்தடையை அளப்பதுதான் லாகிங். பைப் இறங்கிவிட்டால் இதைச் செய்ய முடியாது. துளையும் வெகுநேரம் நிற்காது, மணல் சரிந்துவிடும். ஆகவே லாகிங் ஆளுக்குத் துளை முடியும் நாளை முதல் நாளே சொல்லி, அன்றைக்கு ரிக் பக்கத்தில் வந்து இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

லாகிங் தாளையும் உங்கள் மண் பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மணலில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்பது தெரியவரும். மண் பை மணல் என்கிறது, தாளில் தடை குறைவு என்றால் அது உப்பு மணல். மண் பை களி என்கிறது, தடையும் குறைவு என்றால் வெறும் களி. நல்ல மணலுக்கு நேராக மட்டும் பில்டர் பைப், மற்ற இடமெல்லாம் மூடிய கேசிங். "எதுக்கும் இருக்கட்டும், ரெண்டு பில்டர் மேலேயும் போட்டுடலாம், தண்ணி நிறைய வரும்" என்பார்கள். நிறைய வரும், உப்பாக வரும்.

பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியில் கூழாங்கல் கொட்டுவதுதான் அடுத்த வேலை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: கூழாங்கல்லைத் தரை வரைக்கும் கொட்ட விடாதீர்கள். பில்டருக்குச் சற்று மேலே வரை போதும். அதற்கு மேல், களித் தட்டு இருந்த ஆழத்தில், களி உருண்டையோ சிமெண்ட் கரைசலோ போட்டு அடைக்க வேண்டும். இயற்கை வைத்த களித் தட்டை நீங்கள் துளைத்துவிட்டீர்கள், அந்த ஓட்டையை நீங்கள்தான் மூட வேண்டும். மூடாமல் கூழாங்கல் மேலே வரை போனால், மேல் அடுக்கின் உப்பு பைப்புக்கு வெளிப்புறமாகவே இறங்கி நல்ல தண்ணீரில் கலக்கும். முதல் மாதம் இனிப்பாக இருந்து அடுத்த வருடம் கரிக்கத் தொடங்கும் பல போர்களின் கதை இதுதான். உங்களுடையது மட்டும் கெடாது, அதே மணலில் இறங்கிய பக்கத்து வீட்டுப் போரும் சேர்ந்து கெடும்.

9. தண்ணீர்ச் சோதனை

கம்ப்ரசர் ஓட்டிக் கலங்கல் நின்று, பல மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு மாதிரி எடுங்கள். துளையிடும்போது ஊற்றிய லாரித் தண்ணீரைச் சோதித்துவிட்டு மகிழ்ந்துபோனவர்கள் உண்டு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிடித்து, தாமதிக்காமல் கொண்டுபோங்கள். கிருமிச் சோதனைக்கு என்றால் பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதை அலசக்கூடாது.

மோட்டார் சிறியதாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும் பெரிய மோட்டாரைவிட மெதுவாக நாலு மணி நேரம் ஓடும் சின்ன மோட்டார் இந்த மண்ணுக்கு நல்லது.

10. கடைசித் தவணை

மொத்தத் தொகையில் ஒரு பகுதியைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். ஸ்ட்ராட்டா சார்ட், லாகிங் தாள், பைப் இறக்கிய வரிசை, அடைப்புப் போட்ட ஆழம், கம்ப்ரசர் ஓடிய நேரம், பில் ஆகியவை கைக்கு வந்த பிறகு கொடுங்கள். கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடையும், வாய்க்கு மூடியும் போட்டிருக்க வேண்டும். மேடை தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் என்பது உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு.

சோதனைத் துளையிலேயே உப்பு என்று தெரிந்து நிறுத்தினால், ரிக் கிளம்புவதற்கு முன்பே துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் களியும் போட்டு மூடச் சொல்லுங்கள். மூடுவதற்கான கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். வண்டி ஊரைத் தாண்டிவிட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.